வியாழக்கிழமை ரீஸ்டார்ட்

காலை பத்து நாற்பதுக்கு மாடி அறையின் மின்விசிறி சுற்றத் தொடங்கியது. இருபது நாளுக்குப் பிறகு.

ஆரோக்கியராஜ் ஒன்பது மணியிலிருந்து அதன் கீழ் உட்கார்ந்திருந்தான். தானே புயல் டிசம்பர் முப்பதாம் தேதி கரையைக் கடந்தது. அன்று நின்ற சர்வர் இன்னும் ஓடவில்லை. இடம், சிதம்பரத்துக்கு வெளியே ஒரு கல்லூரி. அதன் தேர்வுப் பிரிவுக்கு மென்பொருள் எழுதித் தந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனி. ஆறு பேரில் இவன் ஒருவன். புயலால் தள்ளிப்போன தேர்வுகள் திங்கட்கிழமை தொடங்குகின்றன. ஹால் டிக்கெட் இன்னும் ஒன்றுகூட அச்சாகவில்லை. இன்று வியாழன்.

சர்வரை ஆன் செய்தான். திரையில் வரிகள் ஓடின. பாதியில் நின்றன.

கம்பெனி முதலாளி ஞானசேகரன் போனில் கூப்பிட்டார்.

"சர்வர் ஏறுச்சாப்பா?"

"இல்ல சார். எரர் அடிக்குது."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானப்பா ஓடுச்சு."

"நேத்து கரண்டே இல்ல சார்."

"அதான் சொல்றேன். அதுக்கு முன்னாடி."

வைத்துவிட்டார்.

மாடியில் பிரிண்டர் கிடையாது. எரரை நோட்டில் எழுதிக்கொள்வது பழக்கம். ஒரு பக்கம் முழுக்க எழுதினான். அதன் சாரம் ஒரே வரி. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருக்கின்றன.

அவர்கள் எழுதிய ஜாவா நிரலில் எந்தப் பகுதியும் தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. இன்னது வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். சர்வர் தொடங்கும்போது ஸ்பிரிங் என்கிற அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வேண்டியதைத் தேடி எடுத்துக் கொடுக்கும். தேடியது கிடைக்கவில்லை என்றால் நின்றுவிடும். ஒன்று கேட்ட இடத்தில் இரண்டு கிடைத்தாலும் நின்றுவிடும். எதைக் கொடுப்பது என்று அதுவாக முடிவு செய்யாது. ஹால் டிக்கெட் பகுதி, மாணவர்களுக்கு இருக்கை ஒதுக்கும் பகுதி ஒன்றைக் கேட்டிருந்தது. இரண்டு இருந்தன.

ஒன்று இவன் எழுதியது. இன்னொன்றை இவன் பார்த்ததே இல்லை.

ஆனால் அதற்குப் பெயர் வைத்திருந்த விதம் தெரிந்தது. கம்பெனியில் கூட வேலை பார்த்த அருள்மொழி எதற்கும் சுருக்கிப் பெயர் வைக்க மாட்டாள்.

இரண்டு வருடம், வியாழக்கிழமைதோறும், அவர்கள் இருவரும் சிதம்பரம் வந்தார்கள். கல்லூரியின் இணைய இணைப்பு மெதுவானது. மாணவர்கள் வீட்டிலிருந்து மென்பொருளின் பக்கங்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மஞ்சக்குப்பத்திலிருந்து மொத்த மென்பொருளையும் அனுப்ப முடியாது. அதனால் மாற்றிய கோப்புகளை மட்டும் பென்டிரைவில் கொண்டுவந்து, பழையவை இருந்த இடத்தில் வைப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் புதியதைக் கண்டுகொள்ளாது. நிறுத்தித் தொடங்கினால்தான் எடுத்துக்கொள்ளும். நிறுத்துவது மாலை ஆறு மணிக்கு. அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். இவன் மாடியில் நிறுத்தித் தொடங்குவான். அவள் கீழே தேர்வுப் பிரிவுக் கணினியின் முன்னால் இருப்பாள். முகப்புப் பக்கம் வந்ததும் படிக்கட்டின் அடியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"வந்துடுச்சு."

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை.

பஸ்ஸில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. அவள் காடாம்புலியூர். கடலூர் தடங்களில் ஓடும் கண்டக்டர்களில் நாலைந்து பேர் அவளுக்கு மாமா முறை, சித்தப்பா முறை. இவன் மேல்பட்டாம்பாக்கம், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெரு. அவள் முன்னால் உட்காருவாள். இவன் பின்படிக்கட்டுப் பக்கம். எஸ்எம்எஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். ஆபீசில் 'நீங்க'. எஸ்எம்எஸ்ஸில் 'நீ'.

'தலய ஆட்டி ஆட்டித் தூங்காத. டிக்கெட் கிழிக்கிறவரு எங்க சின்ன மாமா. குடிச்சிருக்கன்னு நெனச்சுப்பாரு.'

'அவருக்கு என்ன வந்துச்சு?'

'அவருக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்.'

அந்தப் போன் இப்போது உடைந்துவிட்டது. அந்த எஸ்எம்எஸ் அவனுக்கு மனப்பாடம்.

போன ஜூன் முப்பது அவளுக்குக் கம்பெனியில் கடைசி நாள். சென்னையில் வேலை கிடைத்திருந்தது. அதுவும் ஒரு வியாழக்கிழமை. அன்று மட்டும் இவன் சிதம்பரம் போகவில்லை. நாலு மணிக்கு ஆபீசில் அவளுக்காகக் கேக் வெட்டுவதாக இருந்தது. அவள் அங்கே இருப்பாள் என்று இருந்துவிட்டான். அவள் பன்னிரண்டு மணிக்கே கம்பெனி சிம்மை ஞானசேகரனிடம் கொடுத்துவிட்டு, ஒரு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். இவன் அந்த நேரம் தம்பியின் சான்றிதழுக்காகக் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றிருந்தான். கேக்கை மற்றவர்கள் தின்றார்கள்.

சாயங்காலம் கடலூர் பஸ் நிலையத்தில், அவள் ஊருக்குப் போகும் பண்ருட்டி பஸ் நிற்கும் இடத்தில், எட்டு மணி வரை நின்றான். அவளிடம் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தான். அவள் வரவில்லை. மதியமே ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

அவளுடைய புது நம்பர் ஆகஸ்டில் கிடைத்தது. கூப்பிடவில்லை. புயலுக்குப் பிறகு, வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று தட்டினான். அனுப்பவில்லை.

கோப்பின் மேல் சுட்டியை வைத்துத் தேதியைப் பார்த்தான்.

30 ஜூன் 2011. மாலை 4.52.

சர்வரின் கடிகாரம் தவறாக இருக்கலாம் என்று கைபேசியோடு ஒப்பிட்டான். ஒரு நிமிடமும் வித்தியாசமில்லை.

கீழே இறங்கினான். தேர்வுப் பிரிவில் தில்லையம்மாள் மட்டும் இருந்தார். ஈரமான விடைத்தாள் கட்டுகளை ஜன்னலோரம் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை பார்ப்பவர்.

"அக்கா, போன ஜூன் கடைசியில அருள்மொழி இங்க வந்தாங்களா?"

தில்லையம்மாள் நிமிரவில்லை.

"நீ எப்ப கேப்பன்னு பாத்தேன்."

"வந்தாங்களா?"

"ஆறரை வரைக்கும் அந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்துச்சு. நீ வந்துடுவன்னு. நான் பூட்டணும்மான்னேன். பஸ்ஸ விட்டுட்டேன்க்கா, அதான்னு சொல்லுச்சு. வண்டிகேட் ஸ்டாப்புல நின்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கடலூர் பஸ்ஸு. எந்தப் பஸ்ஸ விட்டுச்சோ."

"சர்வர நிறுத்தித் தொடங்கலியா?"

"தனியா எப்புடி? மேல ஒரு ஆளு கீழ ஒரு ஆளு வேணும்னு நீங்க ரெண்டு பேருந்தான சொல்லுவீங்க."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"ஜூலையில நீ வந்தப்ப மூஞ்சியே சரியில்ல. ஏதோ சண்டன்னு விட்டுட்டேன். அத விடு. ஹால் டிக்கெட்டு எப்ப வரும்? அதச் சொல்லு மொதல்ல. பசங்க போன் போட்டுக் கொல்றானுங்க."

"இப்ப வந்துடும்."

"நீ இப்பங்கறதுக்கெல்லாம் ஜாஸ்தி நேரம் ஆவும் தம்பி."

மேலே வந்தான்.

மே மாதம் தில்லையம்மாள் ஒரு புகார் சொல்லியிருந்தார். ஒரே துறை மாணவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காப்பியடிக்கிறார்கள். துறைகளைக் கலந்து உட்காரவைக்க வேண்டும். அதை எழுத வேண்டியவன் இவன். தள்ளிக்கொண்டே வந்தான். அவள் போகும் நாளன்று தானே எழுதிக் கொண்டுவந்து, பழையதை எடுத்துவிட்டு, இங்கே வைத்திருக்கிறாள். அது தெரியாமல் ஜூலையில் இவனும் ஒன்று எழுதிக் கொண்டுவந்து வைத்தான். பழைய கோப்பு அன்று இங்கே இல்லை. தானே எப்போதோ எடுத்திருக்கலாம் என்று நினைத்தான். தேர்வு முடிவு வந்த நாள் அது. சர்வரை நிறுத்த விடவில்லை. அடுத்த முறை நிறுத்தலாம் என்று போனான். அடுத்த முறை வரவில்லை. நூற்றைம்பது கோப்புகளுக்கு நடுவில் இரண்டும் ஆறு மாதம் கிடந்தன. சர்வர் பழையதை நினைவில் வைத்துக்கொண்டு, கரண்ட் போனபோதும் பேட்டரியில் நிற்காமல் ஓடியது.

ஒன்றை எடுத்தால் போதும். ஐந்து நிமிட வேலை. இதற்காக யாருக்கும் போன் செய்யத் தேவையில்லை.

ஐந்து நிமிடத்தில் அதைச் செய்யவில்லை.

பென்டிரைவில் ஒரு கருவி இருந்தது, கோப்பைப் பிரித்துப் படிக்க. அவள் எழுதியதைப் பிரித்தான். முதல் வரியிலிருந்து படித்தான். இவன் எண்பது வரிகளில் செய்ததை அவள் நாற்பதில் செய்திருந்தாள். ஒரு இடம் இவனுடையதில் இல்லவே இல்லை. அறைகளை நிரப்பிக்கொண்டு வரும்போது கடைசி அறைக்கு ஒரே ஒரு மாணவர் மிஞ்சலாம். இவனுடைய நிரல் அவரை அங்கே தனியாக உட்காரவைக்கும். அவளுடையது முந்தைய அறையில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டு, அங்கே சேர்க்கும்.

அந்த இடத்தை இரண்டு முறை படித்தான்.

தன்னுடையதை அழித்தான். சர்வரைத் தொடங்கினான். படிக்கட்டுக்கு வந்து நின்றான்.

"அக்கா, பக்கம் வருதான்னு பாருங்க."

"என்னமோ சுத்துது."

"சுத்தட்டும்."

"சுத்திட்டே இருக்கு தம்பி. இந்தா, வந்துடுச்சு! வந்துடுச்சு!"

அதே படிக்கட்டு. அதே சொல். குரல் வேறு.

கீழே பிரிண்டர் ஓடத் தொடங்கியது. மணி பன்னிரண்டு பத்து. பை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அரை மணியில் பஸ் ஏறலாம். ஞானசேகரனுக்கு 'ஏறிடுச்சு சார்' என்று அனுப்பினான். பிறகு மாடி அறையின் கதவைச் சாத்தினான். நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டான். நம்பரை அழுத்தினான்.

நாலாவது மணியில் எடுத்தாள்.

"ஹலோ."

"நான் ஆரோக்கியராஜ்."

பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம். விசைப்பலகை தட்டும் சத்தம் கொஞ்சம், பக்கத்தில்.

"சொல்லுங்க."

"சிதம்பரத்துல இருக்கேன். சர்வர் ஏற மாட்டேங்குது."

"வியாழக்கெழமயா இன்னிக்கு?"

"ஆமா."

"ம்."

"வீட்ல எப்புடி? புயல்ல?"

"ஓடு எல்லாம் போச்சு. முந்திரி ஒண்ணும் நிக்கல. பலா ரெண்டு நிக்குது. அப்பா தெனம் காலையில போயி அந்த ரெண்டையும் பாத்துட்டு வர்றாராம். உங்க வீடு?"

"கூரதான் பிச்சிக்கிச்சு. போட்டாச்சு."

"அம்மா?"

"நல்லா இருக்காங்க. மாதா படம் நனையலன்னு சந்தோஷம்."

சிரித்தாள். சின்னச் சிரிப்பு. அது முடிகிற வரை கேட்டான்.

"என்ன எரர்?"

நோட்டைப் பார்த்துப் படித்தான். நடுவில் நிறுத்தினாள்.

"எந்த ரெண்டு கெடச்சுதுங்குது?"

"ஒண்ணு என்னுது."

"இன்னொண்ணு?"

"உங்களுது."

கீழே பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. போனைக் கையால் மூடிக்கொண்டான்.

"அது இன்னும் அங்கதான் கெடக்குதா?" என்றாள்.

"கெடக்குது. தேதியோட."

அவள் பக்கத்தில் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். நீங்க போங்க, வரேன் என்றாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் மெல்லக் குறைந்தது. மின்விசிறிக் காற்றில் நோட்டின் பக்கம் புரண்டது. திருப்பி வைத்து விரலால் அழுத்திக்கொண்டான்.

"மறுபடியும் படிங்க. மொதல்லேர்ந்து. முழுசா."

படித்தான். மெதுவாகப் படித்தான். ஒவ்வொரு வரிக்கும் அவள் 'ம்' என்றாள். பக்கத்தின் அடிவரை வந்தான். இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றையும் படித்தான். அதற்குக் கீழே நோட்டில் ஒன்றும் இல்லை. முதல் வரிக்குத் திரும்பிப் போனான்.

"ராஜ்."

"ம்."

"காலேஜ் பக்கம் வந்துடுச்சு. நீ பேரு சொன்னப்பவே தெறந்து பாத்துட்டேன். எதுக்குக் கூப்புட்ட?"