அழுத்தாத பந்து

என் புருஷன் ஹில்மியாவின் கையிலிருந்து காப்பிக் கோப்பை விழுந்தபோது நான் முதலில் திட்டத்தான் செய்தேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்த கோப்பைகளில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். "கையில என்ன, எலும்பு கழண்டுபோச்சா?" என்றேன். அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன் முபேரா. விட்டதே எனக்குத் தெரியல."

மறுநாளே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

கழுத்து எலும்புக்குள் ஏதோ வளர்ந்து நரம்பை நெருக்குகிறது என்றார் டாக்டர். இப்போது கை, அப்புறம் கால், அப்புறம் மூச்சு. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் அதற்கு முன் ஊசியில் சாயம் ஏற்றி, குழாய் மாதிரி இருக்கும் பெரிய ஸ்கேனில் படம் எடுத்தாக வேண்டும். "படம் பாக்காம கழுத்துல கத்தி வெக்க நான் கசாப்புக்காரன் இல்லம்மா" என்றார். மயக்கம் கொடுத்துப் படம் எடுக்க முடியுமா என்று கேட்டேன். நிலக்கரித் தூசி தின்ற அந்த நுரையீரலுக்கு ஒரு மயக்கம்தான் தாங்கும், அதை ஆபரேஷனுக்கு வைத்துக்கொள்வோம் என்றார்.

குழாய் என்ற சொல்லிலேயே ஹில்மியாவின் முகம் செத்துவிட்டது.

அவர் லிப்டில் ஏறமாட்டார். குளியலறைக் கதவைத் தாழிடமாட்டார். ஜனவரியில் பனி முழங்காலுக்குக் கிடந்தாலும் படுக்கையறை ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். நான் மூக்கை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு கம்பளிக்குள் கிடப்பேன். இதற்காக நான் போடாத சண்டை இல்லை. ஆனால் காரணம் தெரிந்த சண்டைதான். கல்யாணத்துக்கு முன்பு எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை இடிந்து விழுந்து, அவரும் கூட வேலை செய்த வெய்சிலும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் படுக்க மட்டும்தான் இடம். வெய்சில் கத்தினான், மண்ணைப் பிறாண்டினான். ஹில்மியா அசையாமல் படுத்து, மூச்சை நூலாக இழுத்து, பக்கத்தில் ஓடிய இரும்புக் குழாயைக் கல்லால் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டினால் உயிர் இருக்கிறது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். தோண்டி எடுத்தபோது வெய்சில் போய்விட்டிருந்தான்.

"கத்துனவன் காத்தத் தின்னுட்டான். கத்தாதவன் பொழச்சான்" என்பார் ஹில்மியா. அவருக்கு அது வேதம். வெய்சிலின் நெஞ்செலும்பு நொறுங்கியிருந்தது, கத்தாவிட்டாலும் செத்திருப்பான் என்று அவன் பெண்டாட்டியே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதை அவரிடம் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டார்.

முதல் தடவை ஸ்கேனுக்குப் போனோம். ஜெனிதா என்ற பெண்தான் படம் எடுப்பவள், நல்ல பெண். அவர் முகத்தின் மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டி, வேலை செய்யும் இடது கையில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்தாள். "தாங்க முடியலேன்னா அழுத்துங்க சித்தப்பா. வெளிய மணி அடிக்கும், உடனே வந்துடுவேன்." பலகை உள்ளே நகர்ந்தது. நான் வெளியில் என் கோட்டைக்கூட மாட்டி முடிக்கவில்லை, மணி அடித்துவிட்டது. வெளியே வந்தவரின் சட்டை மழையில் நனைந்த மாதிரி இருந்தது. யாரையும் பார்க்காமல் ஷூ கயிறுகூடக் கட்டாமல் காருக்கு நடந்தார்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. ஊர் வாய் இருக்கிறதே.

மறுநாள் செய்ஃபோ வந்தார். சுரங்கத்தில் ஹில்மியாவின் ஷிப்டுக்கு மேஸ்திரியாக இருந்தவர், வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. எங்கள் பொஸ்னியாவில் காப்பி இல்லாமல் துக்கம்கூட விசாரிக்கமாட்டார்கள். காப்பியை வைத்தேன். சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் தொட்டுக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன ஹில்மியா, மணிய இழுத்துட்டியாமே?"

சுரங்கத்தின் பாதை நெடுக ஒரு மணிக்கயிறு ஓடும். அதை இழுத்தால் எல்லாம் நின்றுவிடும், மொத்த ஷிப்டும் கை கட்டி நிற்கும். காரணமில்லாமல் பயத்தில் இழுத்தவன் எல்லாருக்கும் காப்பி வாங்கித் தர வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. அன்றிலிருந்து அவன் பெயர் மணிக்காரன். எங்கள் தெருவில் ஒருவர் இறந்தபோது மின்கம்பத்தில் ஒட்டிய மரண அறிவிப்பிலேயே, பெயருக்குக் கீழே 'மணிக்காரன்' என்று அச்சடித்திருந்தார்கள். இல்லாவிட்டால் யார் செத்தது என்று ஊருக்குத் தெரியாதாம்.

"நாளைக்கு உன்னையும் கம்பத்துல ஒட்டறப்ப என்ன போடறது? ஹில்மியா, பிராக்கெட்ல மணிக்காரனா?" என்று செய்ஃபோ சிரித்தார்.

"உங்க பேருக்குக் கீழ என்ன போடுவாங்கன்னு நான் சொல்லட்டுமா?" என்று நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

"தாயே, நீ சொல்ல வேணாம். விளையாட்டுக்குச் சொன்னேன்."

விளையாட்டுத்தான். ஹில்மியாவும் சிரித்தார். ஆனால் செய்ஃபோ போனதும் என்னைப் பார்த்து, "அடுத்த தடவ நான் அழுத்தமாட்டேன்" என்றார். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சி ஆரம்பித்தது. சமையலறையில் சோபாவைத் தூக்கி இரண்டு ஸ்டூல் மேல் வைத்து, அதற்கடியில் படுத்துக்கொண்டார். மாக்கரோனி வடிகட்டும் பாத்திரத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாணலியைக் கரண்டியால் தட்ட வேண்டும், அந்த மெஷின் சத்தத்துக்குப் பதிலாக. முதலில் சிரிப்பாக இருந்தது. கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டி, "என்ன முபேரா, ஆள அடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாளாக ஆக எனக்குச் சிரிப்பு போய்விட்டது. முதலில் விரல் நடுங்கும், பல் கிட்டிக்கும். பிறகு அதுவும் நின்றது. சோபாவுக்கடியில் அவர் கிடக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதுகூடத் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் வடிகட்டியின் ஓட்டைகளுக்குள் கண் திறந்தபடி இருக்கும்.

"யோவ், உயிரோட இருக்கியா?"

பதில் வராது. வாணலியைப் போட்டுவிட்டு அவர் காலைப் பிடித்து இழுப்பேன்.

"என்னடி? நல்லாத்தான இருந்தேன்."

"நல்லா இருக்கற லட்சணமா இது? பொணம் மாதிரி கெடக்கற."

"அதான் சூட்சுமம். பயம் வந்து தொண்டைய அடைக்கும். மூச்சு முட்டும். தோலெல்லாம் எறும்பு ஊறும். எல்லாம் பொய். அசையாம கெடந்தா போயிடும். அன்னிக்கும் அப்படித்தான் போச்சு."

"நிஜமாவே மூச்சு முட்டுச்சுன்னா?"

"பொய்னு சொல்றேன்ல."

அப்போதே எனக்கு மனசுக்குள் ஏதோ சரியில்லை என்று அடித்துக்கொண்டது. பந்தை அழுத்தாவிட்டால் போகட்டும், என் கையிலாவது தட்டு என்று பிடிவாதம் பிடித்தேன். நானும் உள்ளே வருவேன், கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொள்வேன். மெஷின் சத்தம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் கால் கட்டைவிரலால் என் உள்ளங்கையில் தட்ட வேண்டும். அன்றைக்குக் குழாயில் தட்டினாயே, அந்த மாதிரி. அதற்கு ஒத்துக்கொண்டார். அப்படித் தட்டுவது அவமானமில்லை.

இரண்டாம் தடவை ஜெனிதா என்னிடமிருந்த கம்மல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டாள். காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தாள். ஹில்மியா படுத்தார். நெற்றியில் நிலக்கரி ஏறிய நீலத் தழும்பு, அதன்மேல் கூண்டு. பலகை நகரும்போது, "ஸ்ரெத்னோ" என்றார். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்வது. ஜெனிதாவும் சுரங்கக்காரர் வீட்டுப் பெண்தான் போலிருக்கிறது, "ஸ்ரெத்னோ சித்தப்பா" என்றாள்.

கனமான கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெனிதாவின் தலை மட்டும் தெரிந்தது. மெஷின் அடிக்கத் தொடங்கியது. வாணலி எல்லாம் அதற்கு முன் ஒன்றுமில்லை, பல் வேர் வரைக்கும் அதிர்ந்தது. சத்தம் நின்றது. அவர் கட்டைவிரல் என் கையில் தட்டியது, டக் டக் என்று அழுத்தமாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுபடி சத்தம், மறுபடி தட்டல். இந்த மனுஷன் ஜெயித்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஜெனிதா உள்ளே வந்து அவர் கையில் குத்தியிருந்த ஊசி வழியாகச் சாயத்தை ஏற்றினாள். "இன்னும் கொஞ்ச நேரந்தான் சித்தப்பா. உடம்பு ஏதாச்சும் பண்ணுனா பந்த அழுத்துங்க." போய்விட்டாள். சத்தம் தொடங்கியது.

பாதம் முதலில் சூடானது. பிறகு வியர்த்தது. அவர் ஏதோ இருமின மாதிரி கால் ஒரு தரம் குலுங்கியது, அப்புறம் அசையவில்லை. சத்தம் நின்றபோது கட்டைவிரல் தட்டியது, ஆனால் ஒரே ஒரு தட்டல், தொட்டது மாதிரி. நான் பாதத்தை அழுத்தினேன். ஒலிபெருக்கியில் ஜெனிதாவின் குரல் வந்தது.

"பிரமாதம் சித்தப்பா. துளிகூட அசையல. இவ்ளோ தெளிவா யாருக்கும் படம் வந்ததில்ல."

மெஷின் திரும்ப அடிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் பைஜாமா ஏறியிருந்த அவர் கெண்டைக்காலைப் பார்த்தேன். தோல் முழுக்கச் சிவப்புத் தடிப்பு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாகிக்கொண்டிருந்தது. பாதம் இப்போது சில்லென்றிருந்தது. "ஹில்மியா" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். ஜெனிதா குனிந்து திரையில் அந்தத் தெளிவான படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு ஓடலாம், ஆனால் அந்தக் கதவை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியாது. அந்த அறையில் மணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அவர் கையில் இருந்தது.

பலகையோடு ஒட்டிப் படுத்து, அந்தக் குழாய்க்குள் என் தலையையும் தோளையும் நுழைத்தேன். சத்தம் ஒரு நொடி நின்ற இடைவெளியில் அவர் மூச்சு விசில் மாதிரி கேட்டது. இடது கை வயிற்றின்மேல் இருந்தது, நல்ல கைதான் அது, பந்தை ஒரு பறவைக் குஞ்சைப் பிடித்த மாதிரி நசுக்காமல் பிடித்திருந்தது. அந்தக் கையின்மேல் என் கையை வைத்து என் பலம் கொண்ட மட்டும் நசுக்கினேன். அவர் விரல்கள் எதிர்த்தன. சத்தியமாகச் சொல்கிறேன், உயிர் போகும் நேரத்திலும் அந்த மனுஷன் என்னோடு மல்லுக்கு நின்றார்.

மணி அடித்தது.

வெளியே இழுத்தபோது உதடு நீலமாக, கழுத்தும் முகமும் ஒன்றாக வீங்கியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது, சோபாவுக்கடியில் இருந்த அதே கண். அந்தச் சாயம் ஆயிரத்தில் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். டாக்டர் ஓடிவந்து தொடையில் ஊசி போட்டார், மூக்கில் காற்று வைத்தார்கள். ஜெனிதா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். "ஏன் அழுத்தல? ஏன் சித்தி அழுத்தல?" என்று என்னைக் கேட்டாள். அவளை நான் எப்படித் திட்டுவது. அசையாதே என்றார்கள், அவர் அசையவில்லை.

மூச்சு திரும்பியதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "யாரு மணிய இழுத்தது?"

"நான்தான்யா. என்ன பண்ணுவ?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு செய்ஃபோ வந்தார், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு. நான் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"செய்ஃபோ, எழுதி வெச்சுக்குங்க. நான் செத்தா கம்பத்துல ஒட்டறப்ப, முபேரா, கீழ மணிக்காரின்னு போடணும். மறந்துடாதீங்க. ஷிப்டுக்கே காப்பி வாங்கித் தரேன், குடிக்க வாங்க எல்லாரும்."

அவர் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார். கொண்டுவந்த ஆரஞ்சுகளை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனார்.

சாயந்தரம் டாக்டர் வந்தார். சாயம் ஏற்றிய பிறகு எடுத்த படம் பாதியில் நின்றுவிட்டது, அது இல்லாமல் முடியாது என்றார். வேறு சாயம், முன்னாடியே மாத்திரை, பக்கத்திலேயே ஒரு டாக்டர், ஆனால் திரும்ப உள்ளே போகத்தான் வேண்டும். தள்ளிப்போட நேரமில்லை, வலது கால் இப்போதே இழுக்க ஆரம்பித்திருக்கிறது. சொல்லிவிட்டுப் போனார். ஹில்மியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி ஜன்னல், திறக்க முடியாதது.

"பயம்னு நெனச்சேன் முபேரா" என்றார். "தொண்ட அடைச்சப்ப, எறும்பு ஊறுனப்ப, வழக்கமா வர்றதுதான்னு நெனச்சேன். நல்லா சமாளிக்கிறோம்னு நெனச்சேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மரத்துப்போன கை, பிடித்தது அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ.

"வெய்சில் கத்துனான்ல. அது பயத்துலயா, வலியிலயா?"

"வலியிலதான்யா."

அவர் முகம் கோணியது. அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"நான் அவன அடங்குடா அடங்குடான்னு திட்டிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

பிறகு தலையணையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தடவ பந்து உன் கைல இருக்கட்டும்."

"உன் கைல இருந்தா என்னய்யா? இப்பதான் புத்தி வந்துடுச்சே."

"என் கைல இருந்தா" என்றார், "நான் மறுபடியும் அழுத்தமாட்டேன்."