அமாரோவிடம் மிஞ்சிய சொல்

பக்கவாதம் வந்ததிலிருந்து அமாரோவின் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. கஸ்தாஞ்ஞா. ஸ்பெயினின் கலீசிய மலைகளில் முள்ளுறைக்குள் விளைகிற பழுப்புக் கொட்டையின் பெயர். தாகமென்றால் கஸ்தாஞ்ஞா, முதுகு வலித்தால் கஸ்தாஞ்ஞா, மனைவி பல்பீனாவைக் கூப்பிடவும் அதேதான். ஒவ்வொரு தடவையும் அவள் ஓடிவந்து என்ன வேண்டுமென்று ஊகிக்க வேண்டும். தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டி, அவள் ஓய்ந்துபோயிருந்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். தான் யாரென்று இந்த மனுஷனுக்கு இன்னும் தெரிகிறதா என்பதுதான் அவளை அரித்தது.

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் கொழுந்தன் எலாதியோ வந்தான். டவுனில் பள்ளிக்கூட வாத்தியார், வாய் சும்மா இருக்காது.

"அண்ணன் பிடிச்சு வச்சிருக்கிற வார்த்தை லேசுப்பட்டது இல்ல அண்ணி. கிரேக்கன்கிட்ட ரோமாக்காரன் வாங்கி, அவன்கிட்ட நாம வாங்கினது. கிரேக்கனுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு யாருக்கும் சரியாத் தெரியல. போர்ச்சுகல்காரன் முந்திரிக்கொட்டையையும் இந்தப் பேர்லதான் சொல்றான். மாட்ரிட்ல அறை விட்டாலும் கஸ்தாஞ்ஞா, குடிச்சுட்டு தள்ளாடினாலும் கஸ்தாஞ்ஞா, உதவாத சாமானும் கஸ்தாஞ்ஞா."

"பொண்டாட்டின்னு ஏதாவது அர்த்தம் இருக்கா?"

எலாதியோ தலையைச் சொறிந்தான். "இதுவரைக்கும் இல்ல."

"அப்ப பேசாம கொட்டையைக் கீறு."

கீறின கொட்டைகளை அடுப்பில் சுட்டெடுத்ததும் பல்பீனா அந்த நாளின் வழக்கப்படி வீட்டில் இறந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாக அடுப்போரம் வைத்தாள். மாமனாருக்கு, மாமியாருக்கு, பிறந்த மாதமே போன பிள்ளைக்கு.

"கடைசியில இருக்கிறது யாருக்கு அண்ணி?"

அவள் பார்த்தாள். கை தானாக இன்னொன்று வைத்திருந்தது. யாருக்கென்று புரிந்ததும் உடம்பு கூசியது. மனசுக்குள் அவரை எப்போதோ அடக்கம் பண்ணிவிட்டுத்தான் இத்தனை நாளும் ஊட்டிக்கொண்டிருந்தாளா? அழக்கூடத் தெம்பில்லை.

அடுப்புப் பக்கத்து நாற்காலியில் இருந்த அமாரோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நல்ல கையை நீட்டி அந்தக் கடைசிக் கொட்டையை எடுத்தார்.

"அண்ணே, செத்தவங்க பங்கைத் தொடக் கூடாது," என்று பதறினான் எலாதியோ.

அமாரோ காதில் வாங்கவில்லை. பல்லால் கடித்துக் கடித்து, தோலைத் துப்பி, வெகுநேரம் உரித்தார். தானே தின்னப் போகிறார் என்றுதான் நினைத்தார்கள். உரித்ததை அவர் பல்பீனாவின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"கஸ்தாஞ்ஞா," என்றார்.

இந்தத் தடவை அவள் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறந்தாள். அவர் படுத்த நாளிலிருந்து அவளுக்கென்று ஒருவர் ஒரு வாய் ஊட்டியது அதுதான் முதல் தடவை.