வற்றிய கிணற்றில் 6.8

ஜூலை ஒன்பதாம் தேதி காலை பதினொன்றே காலுக்கு சுசித்ரா வகுப்பில் தூக்கிய வலது கை, அக்டோபர் வரை கீழே இறங்கவில்லை. அவள் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. அன்று செய்முறை வகுப்பில் எழுத வேண்டிய பாடம், கல்லூரிக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பது. யாரும் கிணற்றுப் பக்கம் போகவில்லை. சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து லிட்டருக்கு 6.8 மில்லிகிராம் என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் சுசித்ரா கையைத் தூக்கினாள். "சார், நம்ம கெணறு வத்தி ஒம்பது வருசம் ஆச்சுங்களே. நோட்டுல மட்டும் தண்ணி எப்படிங்க இருக்குது?" வகுப்பு சிரித்தது. பேராசிரியர் மாதவராஜ் சிரிக்கவில்லை. "அது சிலபஸ்ல இல்லம்மா. உக்காரு" என்றார். அவள் உட்கார்ந்தாள், கை உட்காரவில்லை.

வலி ஒன்றும் இல்லை. அரசு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாக இருக்கிறது, கால்சியம் சாப்பிடு என்றார்கள். இடது கையால் எழுதப் பழகினாள், ஸ்பூனில் சாப்பிட்டாள். பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொள்ள வசதியாகவே இருந்தது. தொல்லையெல்லாம் அவள் அப்பா முனிராஜுக்குத்தான். நல்லம்பள்ளிப் பக்கம் தக்காளி போடுகிற மனிதர். மகளை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துப் போனால், வண்டி திரும்பப்போகிறது என்று நினைத்துப் பின்னால் வரும் லாரிகள் எல்லாம் நின்றன. திரும்பாமல் நேரே போனால் திட்டின. "நேரா போறவன ஒரு நாளைக்கு நாப்பது பேரு திட்டறான். ஆயுத பூசைக்குள்ள கை எறங்கணும். இல்லீன்னா படிச்சது போதும், வூட்டுல இரு" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். போன வருடம் டிவி வேண்டாம் என்றவர் கேபிள் கம்பியைக் கொடிக்கயிறாகக் கட்டிவிட்டார்.

சுசித்ரா போய் நின்ற இடம் கல்லூரி சைக்கிள் ஷெட். மூன்றாம் ஆண்டு கலைமதி மதிய இடைவேளையில் அங்கேதான் இருப்பாள். முந்தைய வருடம் அவள் கையும் நான்கு மாதம் இப்படி நின்றிருந்தது. மொரப்பூரில் ரயில் பாதையை ஒட்டிய வீட்டில் மட்டும் பட்டுப்புழு ஒருநாள் முன்னதாகக் கூடு கட்டுகிறதே, ஏன் என்று கேட்டுவிட்டாள், அவ்வளவுதான். ரயில் அதிர்வுதான் காரணம் என்று ஊரே சொன்னது. கலைமதி மூன்று தடவை புழு வளர்ந்து முடியும் வரை தினமும் போய் வெப்பநிலை எழுதினாள். ரயில் சத்தத்துக்குப் பயந்து அந்த வீட்டார் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள், அந்தச் சூட்டில் புழு சீக்கிரம் வளர்ந்தது. அது பிடிபட்ட நிமிடம் கை இறங்கியது. பேருந்தில் இருந்தாள், ஆகையால் முன்சீட்டுக்காரர் தலைமேல் இறங்கியது. அதன்பிறகு, ஆராய்ச்சி என்றால் வெள்ளைக்கோட்டு போட்ட சென்னைக்காரர்கள் செய்வது என்று நினைத்திருந்த ஜூனியர்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்களிடம் அவள் கேட்பது ஒன்றுதான்: "உனக்கு நெஜமாவே தெரியாதது என்ன?" பாதிப் பேர் "எல்லாந்தாங்க்கா" என்பார்கள். அவர்களை டீ வாங்கி வர அனுப்பிவிடுவாள்.

சுசித்ரா அவசரக்காரி. கலைமதியைப் பார்க்க வரும் முன்பே போனில் தேடி, நிலத்தடி நீர் குறைவதன் காரணங்கள் என்று நான்கு பக்கம் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான்காம் பக்கத்தின் கடைசி வரியில் இடது கையும் எழும்பிவிட்டது. இரண்டு கையும் மேலே இருக்க, போலீஸிடம் சரணடைய வந்தவள் மாதிரி ஷெட்டுக்குள் வந்தாள். பஸ் டிக்கெட் வாயில் இருந்தது. கலைமதி டிக்கெட்டை எடுத்துவிட்டு, நான்கு பக்கத்தையும் படித்தாள். "இது நீ கேட்டதுக்குப் பதிலாடி?" "இல்லீங்க்கா." கலைமதி கிழித்தாள். இடது கை இறங்கியது. "இப்பச் சொல்லு. இந்த 6.8-ஐ யார் நோட்டப் பாத்து எழுதுன?" "கோகிலவாணி அக்கா நோட்டுங்க." "அவங்க யாரப் பாத்து எழுதுனாங்க?" "தெரியாதுங்க்கா." "போய்க் கேளு. கேட்ட தேதி, சொன்ன ஆளு, சொன்ன வார்த்தை, மூணையும் எழுது. உனக்குத் தோணறத தனிப் பக்கத்துல எழுது, ரெண்டையும் கலக்காத. இதுக்குப் பேருதான் ஆராய்ச்சி, வேற ஒண்ணும் இல்ல."

ஒருத்தர் நோட்டிலிருந்து அவருக்கு முந்தையவர் நோட்டு என்று இருபத்தோரு நோட்டு. ஆகஸ்டும் செப்டம்பரும் அதிலேயே போயின. ஒருத்தர் மொரப்பூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்று கேட்டதால் சேலத்துக்கு ஒரு டிக்கெட்டும் வாங்க வேண்டியதாயிற்று. ஒருத்தர் வங்கியில் மேலாளர், கதவைச் சாத்திக்கொண்டு "காப்பிதாம்மா அடிச்சேன், வெளிய சொல்லாத" என்றார். கிணற்றில் தண்ணீர் ததும்பிய காலத்தில் படித்தவர்களும் எட்டிப் பார்த்ததில்லை. எல்லார் நோட்டிலும் 6.8. கடைசியாக ஏரியூரில் தையல்கடை வைத்திருக்கும் காசியம்மாள். அவருடைய நோட்டு ஜாக்கெட் அளவுக்கு வெட்டிய காகிதமாகிச் சுவரில் தொங்கியது, கழுத்து வளைவுக்குப் பக்கத்தில் 6.8 பத்திரமாக இருந்தது. "நீங்க யாரப் பாத்து எழுதுனீங்க?" என்று கேட்டதும் காசியம்மாள் தையல் மெஷினை நிறுத்தினார். "எனக்கு ஒரு வருசம் சீனியரு, மாதவராஜ் அண்ணன். இப்ப அங்கயே வாத்தியாரா இருக்காராமே? கேட்டதாச் சொல்லு."

அது ஆயுத பூசைக்கு முந்தைய நாள். சுசித்ரா நேரே கலைமதியிடம் வந்தாள். "சார்கிட்டயாங்க்கா? பாஸ் போடமாட்டாரு." கலைமதி அவளை ஆய்வக வாசல் வரை தள்ளிக்கொண்டு போனாள். "கேக்கறதுக்குத்தான் மூணு மாசமா கையத் தூக்கிக்கிட்டுத் திரியற. போடி உள்ள."

காசியம்மாள் கொடுத்தனுப்பிய ஜாக்கெட் காகிதத்தை மாதவராஜ் வாங்கி, 6.8 மேல் விரலை வைத்தார். அவருக்கு மேல் ஆள் இல்லை, அந்தப் பாடம் தொடங்கிய வருடத்து மாணவர் அவர். "அன்னைக்கு நல்ல மழைம்மா" என்றார். "வாளிக் கயிறும் அறுந்துபோச்சு. 6.8 பாக்க நல்லா இருந்துச்சு, எழுதிட்டேன்." சுசித்ரா தேதி, ஆள், வார்த்தை மூன்றையும் இடது கையால் எழுதி முடித்தாள். பேராசிரியர் ஜன்னல் வழியே கிணற்றைப் பார்த்து, "அப்போ நெசமா எவ்வளவு இருந்திருக்கும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். சுசித்ராவின் கை மெதுவாக இறங்கி மடியில் அமர்ந்தது. அதே வேகத்தில் அவருடைய கை ஏறியது.

அந்தத் தண்ணீர் இப்போது இல்லை, ஆகவே அந்தக் கையும் இறங்கப்போவதில்லை. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கூட்டங்களில் முதல்வர், "சொல்லுங்க மாதவராஜ்" என்று பழக்கத்தில் கேட்பார், "ஒண்ணும் இல்லீங்க" என்பார் இவர். மாணவர்கள் இப்போது பக்கத்து ஏரியில் போய் அளக்கிறார்கள். 5.1 வருகிறது, 7.3 வருகிறது, ஒரு நோட்டில் "பாட்டில் உடைந்துவிட்டது" என்று மட்டும் இருக்கிறது. எல்லாவற்றிலும் இடது கையால் கையெழுத்துப் போடுகிறார், ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. சைக்கிள் ஷெட்டில் தூக்கிய கைகள் பெருகவே, அதன் கூரையை ஒன்றரை அடி உயர்த்தினார்கள்.

ஆயுத பூசை அன்று காலையில் முனிராஜ் மொபெட்டைக் கழுவினார். மகள் இரண்டு கையாலும் சந்தனம் குழைப்பதைப் பார்த்து அவருக்கு வாயெல்லாம் பல். குங்குமம் வைத்துக்கொண்டே, "ஏம்மா, எனக்கு ஒண்ணு ரொம்ப நாளாத் தெரியல" என்றார். "நம்ம தோட்டத்துல ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் வந்துச்சு. வரப்புக்கு அந்தாண்ட பக்கத்துக்காரன் தோட்டத்துல முன்னூறு அடியில கொட்டுது. அது ஏன்?"

குங்குமத்தோடு அவர் கை மேலே போய் நின்றது.

சுசித்ரா உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். "எனக்கும் தெரியலீங்கப்பா. எந்த வருசம் போட்டீங்க?"

இப்போது மொபெட்டை அவள்தான் ஓட்டுகிறாள். பின்னால் முனிராஜ் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். லாரிகள் வேகத்தைக் குறைத்து, வண்டி திரும்பாது என்று பார்த்துவிட்டு, ஒதுங்கிப் போகின்றன. நல்லம்பள்ளி சாலையில் அதற்கு யாரும் ஹாரன் அடிப்பதில்லை.