தங்கப்பழத்துக்குக் கிடைத்த டெண்டர் விலக்கு

எங்கள் மாவட்டத்தில் டம்மி கொட்டேஷன் எழுதினால், அதில் பெயர் உள்ள ஆள் மறுநாள் காலை பத்து மணிக்குப் பிறந்து அலுவலகத்துக்கு வந்துவிடுவார். டீ குடிப்பார், ஒப்பீட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போடுவார், கூடுதல் விலை சொல்லி என்னிடம் தோற்பார், பிறகு ஃபைலுக்குள் படுத்துக்கொள்வார். கிளார்க் இசக்கி நாடா கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்.

மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது விதி. என்னுடையது ஒன்று, நான் எழுதும் டம்மி இரண்டு. இருபத்திரண்டு வருஷமாக அரசு ஆஸ்பத்திரிகளுக்கு இப்படித்தான் ஸ்ட்ரெச்சர் கொடுக்கிறேன். தெருவில் பழைய இரும்பு பொறுக்கி உண்டாக்கிய பட்டறை என்னுடையது.

இந்த முறை ஆயிரம் ஸ்ட்ரெச்சர். கிடைக்காவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். அந்த அவசரத்தில், தங்கப்பழம் என்ற டம்மியின் தாளில் 'முன்புகார்கள்' என்ற இடத்தில் வழக்கம்போல நாலைந்து போடாமல் 'இல்லை' என்று எழுதித் தொலைத்துவிட்டேன்.

மறுநாள் தங்கப்பழம் வந்தான். சட்டைக் காலரில் இன்னும் மை காயவில்லை. கண்காணிப்பு அதிகாரி ஜெசிந்தா மேடம் தாள்களைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க மேல எழுபத்திரண்டு புகார் இருக்கே, அண்ணாச்சி."

"கை நீட்டினது ரெண்டு தடவைதான் மேடம். மத்ததெல்லாம் வாய்தான்."

"இவர் மேல ஒண்ணுகூட இல்ல."

"அவன் பிறந்தே அரை மணி நேரம் ஆகல."

"புகாரே இல்லாத சப்ளையர் இவர் ஒருத்தர்தான். ஒரே ஆள்தான்னா டெண்டர் விலக்கு உண்டு. விலையும் பாக்க வேண்டியதில்ல."

மேசையில் ஓங்கி அடித்தேன். மேடம் எழுபத்து மூன்று என்று திருத்திக்கொண்டார்.

"அவனுக்குப் பட்டறை ஏது?"

"ஜெயிச்சவருக்குப் பட்டறை இருந்தாகணும். மூணு தாளும் ஒரே ஆள் எழுத்து. அப்போ மூணு பேர்ல ஒருத்தர்தான் நிஜம். விலக்கு வாங்கினவரை நாங்க விசாரிக்கக் கூடாது. அப்போ டம்மி நீங்கதான், அண்ணாச்சி."

தங்கப்பழம் கையை நீட்டினான். சாவிக்கொத்தைக் கொடுத்தேன். கீழே என் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. மூன்றாவது உதையில்தான் அது ஸ்டார்ட் ஆகும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

நான் ஃபைலுக்குள் படுத்தேன். இன்னொரு டம்மியான நவநீதம் ஏற்கெனவே படுத்திருந்தார்.

"காலைக் கொஞ்சம் மடக்குங்க முதலாளி."

இசக்கி நாடாவை எடுத்தார்.

"மேல் தட்டு வேண்டாம்டே, வெக்கை. ஜன்னல் பக்கம் கீழ்த் தட்டுல வை."

"அதுக்கு மூணு கொட்டேஷன் வேணும், அண்ணாச்சி."

படுத்தபடியே பேனா கேட்டேன். நவநீதத்தின் முதுகில் தாளை வைத்து இரண்டு பெயர்களை எழுதினேன். இந்த முறை ஆளுக்கு நூறு புகார் போட்டேன்.