முதல் தடவையே ‘சரி’ என்றவள்

1

இந்தக் கதை எனக்கு லிஃப்ட்டில் கிடைத்தது. சரியாகச் சொல்வதானால், லிஃப்ட் என்னை விட்டுவிட்டு மேலே போனபோது கிடைத்தது.

தெஹ்ரானில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் நான்காவது மாடி ஈரஜுக்கும் அவர் மனைவி ஃபரங்கீஸுக்கும். முதல் மாடி எனக்கு. முதல் மாடிக்காரனுக்கு லிஃப்ட் எதற்கு என்று கேட்காதீர்கள். தர்பூசணிக் காலத்தில் வந்து பாருங்கள். கீழே லிஃப்ட் கதவு திறந்ததும் நான் “நீங்க முதல்ல” என்பேன். ஃபரங்கீஸ் கானூம் (நம்மூர் ‘அம்மா’ மாதிரி இங்கே ‘கானூம்’), “ஐயோ, அதெப்படி, நீங்க ஏறுங்க” என்பார். “பெரியவங்க இருக்கும்போது நானா?” என்பேன். “உங்க கையில சுமை இருக்கே” என்பார். கதவு பொறுத்துப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். யாரோ மேலே பொத்தானை அழுத்த, காலி லிஃப்ட் போய்விடும். நாங்கள் சிரித்துக்கொண்டே படியேறுவோம்.

இந்த உபசாரத்துக்கு இங்கே தாரோஃப் என்று பெயர். கொடுப்பவர் மூன்று தடவை வற்புறுத்த வேண்டும், வாங்குபவர் மூன்று தடவை மறுக்க வேண்டும். நிஜம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். (நம் வீடுகளில் வயிறு காய்ந்திருக்கும்போது “இப்பத்தான் சாப்பிட்டேன்” என்கிறோமே, அதன் ஒன்றுவிட்ட அண்ணன்.) இந்தக் கலையில் ஃபரங்கீஸ் கானூம் எங்கள் தெருவுக்கே ராணி. தன் பிறந்தநாள் கேக்கையே “எனக்கு வேண்டாம், நீங்க எல்லாரும் சாப்பிடுங்க” என்று தட்டிக் கழித்தவர்.

அவர் போன கோடை முடிவில் ஒரு பெரிய முதுகுப்பையோடு லிஃப்ட் முன்னால் நின்றார். மூக்கில் தோல் உரிந்திருந்தது. கதவு திறந்தது.

“நீங்க முதல்ல” என்றேன்.

“சரி” என்று ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு நான் தரையில் நின்றேன். அந்த ஒரு ‘சரி’ எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: “அல்போர்ஸ் மலையின் இருண்ட மடியில் ஓநாய்கள் ஊளையிட்டன. தனியொரு பெண்ணாக அவள்...”

அதை ஃபரங்கீஸ் கானூமுக்குப் பாரசீகத்தில் சொல்லிக் காட்டினேன்.

“ஓநாய் எங்கே வந்துச்சு?” என்றார்.

“கதைக்கு ஒரு விறுவிறுப்பு...”

“ஒரு கழுதை வந்துச்சு. என் தொப்பியைத் தின்னப் பார்த்துச்சு. வேணும்னா அதைப் போட்டுக்கோங்க.”

இரண்டாவது தொடக்கம்: “மலைகள் மனிதனுக்குக் கற்றுத் தரும் பாடம் என்னவென்றால்”. பாடம் என்ற சொல் வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும்.

மூன்றாவது: “ஈரஜுக்கு முழங்கால் போன வருஷம்தான் ஃபரங்கீஸுக்குக் கால் முளைத்தது.” கொஞ்சம் கொடூரமான வரிதான். ஆனால் ஈரஜ் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததால் அதை வைத்துக்கொண்டேன்.

3

ஈரஜுக்கு முழங்கால் போன வருஷம்தான் ஃபரங்கீஸுக்குக் கால் முளைத்தது. அதுவரை மலை ஈரஜுடையது. வெள்ளிக்கிழமை விடிந்தால் பாதி நகரம் மலைப்பாதையில் இருக்கும். ஈரஜ் முன்னால் போவார், ஃபரங்கீஸ் தேநீர்க் குடுவையோடு பின்னால் வருவாள். அவர் நின்றால் நிற்பாள். அவர் “களைப்பா?” என்றால், மூச்சு வாங்க “இல்லவே இல்லை” என்பாள். முப்பது வருஷம் மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நின்று, வந்தவர் போனவருக்கெல்லாம் சிரித்த வாய் அது.

மருத்துவர் மலையை நிறுத்தச் சொன்னதும் ஈரஜ் ஒப்புக்குச் சொன்னார்: “என்னால நீ ஏன் கெடணும் ஃபரி? நீ போயிட்டு வா.” அவளும் ஒப்புக்கு மறுத்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போனாள், தனியாக. முன்னால் யாரும் இல்லாததால் தன் வேகம் என்ன என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அது ரொம்ப மெதுவான வேகம். அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, ஐம்பத்தேழாவது வயதில், அலமூத் பள்ளத்தாக்கிலிருந்து மலையைக் கடந்து காஸ்பியன் கடல் பக்கம் இறங்கும் பழைய பாதையில் கிளம்பினாள். சில நாள் நடை. ஈரஜ் தன் பழைய முதுகுப்பையின் வார்களை அவள் தோளுக்குத் தக்கபடி தானே இறுக்கிக் கொடுத்தார்.

கணவாய்க்குக் கீழே, பீச்சேபோன் மேய்ச்சல் வெளியில், கௌஹர் என்ற பெண்ணின் குடிசையில் அன்று தங்கினாள்.

(இங்கே எனக்கு ஒரு பயம். மலையில் மாடு மேய்க்கும் பெண் என்றால் அவளை ஞானி ஆக்கிவிடும் கெட்ட பழக்கம் கதை எழுதுகிறவர்களுக்கு உண்டு. கௌஹர் ஞானி இல்லை. வயது முப்பதிருக்கும், முன்கோபி, அன்று மாடு வேறு உதைத்திருந்தது.)

“சாப்பிடுறீங்களா?” என்றாள் கௌஹர். கையில் சூடான ரொட்டி, மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து நாலு அக்ரூட் பருப்பைத் தவிர ஃபரங்கீஸ் ஒன்றும் தின்றிருக்கவில்லை. “ஐயோ, வேண்டாம்மா. இப்பத்தான் சாப்பிட்டேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“சரி” என்று ரொட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு மாடு கறக்கப் போய்விட்டாள் கௌஹர்.

ஃபரங்கீஸ் இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தாள். திரும்பி வந்தவள் அடுப்பை மூடிப் படுத்துவிட்டாள். வெண்ணெய் வாசனை மட்டும் குடிசைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

காலையில் கௌஹர் மறுபடி கேட்டாள். “சாப்பிடுறீங்களா?”

“ஆமா!”

தின்ற வேகத்தைப் பார்த்து கௌஹர் இடுப்பில் கைவைத்து நின்றாள். “நேத்துப் பசிக்கலைன்னீங்களே?”

“பொய் சொன்னேன்.”

“எதுக்கு?”

ஃபரங்கீஸ் வாயில் ரொட்டியோடு யோசித்தாள். கௌஹருக்குப் பதிலில் அக்கறையில்லை. “தலைவலி மாத்திரை இருக்கா?” என்றாள். நீட்டியதும் ஒரு மறுப்பும் சொல்லாமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்று கணவாய் ஏறும்போது அந்த ‘எதுக்கு’ ஃபரங்கீஸ்கூடவே ஏறியது. கடைசியாக எப்போது பசித்தபோது பசிக்கிறது என்று சொன்னோம்? வலித்தபோது வலிக்கிறது என்று? பதில் சொல்ல எதிரில் யாரும் இல்லை. சமாளிக்கவும் யாரும் இல்லை. முகம் சும்மா இருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கன்னங்கள் ஓய்வெடுப்பதை அவள் உணர்ந்தாள்.

(நீண்ட தனி நடை ஆளை மாற்றும் என்கிறார்கள். நானும் ஏதோ தரிசனம் கிடைத்திருக்கும் என்று தோண்டித் தோண்டிக் கேட்டேன். அவர் திரும்பத் திரும்ப அந்த ரொட்டியைப் பற்றியே பேசினார்.)

4

இந்தப் பகுதியை எழுத எனக்கு அனுமதி இல்லை. ஈரஜுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கணவாயின் உச்சியில் மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் ஃபரங்கீஸ். பயத்தில் வாய்விட்டுக் கத்தினாள். கடவுளைக் கூப்பிடவில்லை, இறந்துபோன அம்மாவையும் கூப்பிடவில்லை. “ஈரஜ்!” என்று கத்தினாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். பிறகு அழுதாள். பிறகு, செய்வதற்கு ஒன்றுமில்லாததால், குடுவையைத் திறந்து தேநீர் குடித்தாள். பனி விலகியபோது பாதை எதிரிலேயே இருந்தது.

“இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்றார் என்னிடம்.

“ஏன் கானூம்? கேட்டா சந்தோஷப்படுவாரே.”

“சந்தோஷப்பட மாட்டாரு, பயந்துடுவாரு. இனிமே போகாதேம்பாரு. அவர் நிஜமா போகாதேன்னா நான் போகமாட்டேன். அதனாலதான்.”

5

மலையைத் தாண்டி இறங்கிய கிராமத்தில் செல்போனுக்கு உயிர் வந்தது. அங்கிருந்து பேருந்து ஏறி வீடு திரும்புவதுதான் திட்டம்.

“நல்லா இருக்கியா ஃபரி?”

“இருக்கேன். ஈரஜ், இங்கிருந்து இன்னொரு பாதை கிழக்கால போகுதாம். மலை முதுகோடவே போனா தமாவந்த் சிகரத்து அடிவாரத்துல இருக்கிற ரேனே ஊர் வரைக்கும் போகலாமாம்.”

“அப்படின்னா நடந்துட்டு வாயேன். எனக்கென்ன, நான் இங்கே ராஜா மாதிரி இருக்கேன்.”

“சரி, அப்போ நடக்குறேன். ரொம்ப சந்தோஷம் ஈரஜ்!” போன் வைக்கப்பட்டது.

ஈரஜ் இதைச் சொல்லும்போது இன்னமும் கையை விரிப்பார். “எனக்கு ரெண்டாவது வரி, மூணாவது வரி எல்லாம் தயாரா இருந்துச்சு தம்பி. அவ ‘உங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க’ம்பா, நான் ‘அதெல்லாம் பாத்துக்கறேன்’பேன், அவ ‘மனசு கேக்கலை’ம்பா, சாயங்காலம் பஸ் ஏறிடுவா. முப்பது வருஷமா இதானே நடக்குது? இடமே கொடுக்கலை!”

அவள் நடந்தாள். அவர் முட்டை பொரித்துத் தின்றார். வாரங்கள் போயின. அவள் தன் புருஷனையே எங்கேயோ மறந்துவிட்டாள் என்று நினைத்தாராம். சட்டி கழுவும்போது இரண்டு தடவை கண் கலங்கியதாம். அதை எழுதாதே என்றார். (எழுதிவிட்டேன். இருவருடைய ரகசியத்தையும் வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை.)

6

திரும்பி வந்தவளைப் பற்றிப் புகார்கள் குவிந்தன. ஈரஜின் தங்கை மஹ்லகா வீட்டு விருந்தில், சட்டியின் அடியில் பொன்னிறமாக முறுகிய சோற்றின் கடைசித் துண்டு தட்டில் கிடந்தது. அந்தத் துண்டை எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் தொட மாட்டார்கள். அதுதான் வழக்கம்.

“எடுத்துக்கோங்க அண்ணி” என்றாள் மஹ்லகா.

ஃபரங்கீஸ் எடுத்துக்கொண்டாள். மொறுமொறுவென்று கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டதாம் அந்தக் கூடத்தில்.

“மலையில ஏதோ ஆயிடுச்சு உங்க பொண்டாட்டிக்கு” என்று மஹ்லகா இன்றுவரை அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் ஈரஜ் என்னிடம் வேறொன்று சொன்னார். “முன்னெல்லாம் ‘கால் வலிக்குதா’ன்னு கேப்பா, ‘இல்லை’ம்பேன், சமையல்கட்டுக்குப் போயிடுவா. இப்போ கேட்டுட்டு நிக்கிறா தம்பி. பதில் வர்ற வரைக்கும் நிக்கிறா. அவ மூஞ்சியைப் பாத்துட்டு என்னால ‘இல்லை’ங்க முடியலை. வலிக்குதுன்னு சொல்லிட்டேன். உடனே பக்கத்துல உக்காந்துட்டா. ஒண்ணும் பண்ணலை, சும்மா உக்காந்திருந்தா. கல்யாணம் ஆன புதுசுல உக்காந்த மாதிரி இருந்துச்சு.”

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும் விட்டேன். அதற்குள் நேற்று மத்தியானம் ஈரஜ் என் கதவைத் தட்டினார்.

7

சர்க்கரைக் கட்டி கடன் கேட்டு வந்ததாகச் சொன்னார். சட்டைப் பையிலேயே நாலு கட்டி துருத்திக்கொண்டிருந்தன.

“உன் கதையில நான் கடைசியா என்ன சொல்றேன்?” என்றார்.

“எதுக்கு?”

“வசந்தத்துல ஸாக்ரோஸ் மலைக்குப் போறாளாம். ரெண்டு மாசம், தனியா. தேநீர் ஊத்திக்கிட்டே, ‘ஒரே தடவைதான் கேப்பேன் ஈரஜ், போகட்டுமா?’ன்னு கேட்டா. சர்க்கரை தீந்துபோச்சுன்னு எழுந்து வந்துட்டேன்.”

“மனசுல இருக்கிறதைச் சொல்லுங்களேன்.”

“அதான் கஷ்டம். முன்னே நான் ‘போ’ன்னா அதுக்கு எடையே கிடையாது. மூணு தடவை தட்டிப் பாத்துதான் எடுத்துப்பா. இப்போ என்ன சொன்னாலும் அப்படியே எடுத்துக்குவா. போகாதேன்னா நிஜமாவே போகமாட்டா, தம்பி. ஒருத்தியோட ரெண்டு மாசம், ஒரு மலை, எல்லாம் என் நாக்குல உக்காந்திருக்கு. பயமா இருக்கு.”

எனக்குத் தெரிந்த தொழில் முடிவு எழுதுவதுதான். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன்.

ஒன்று: ஈரஜ் “போ” என்கிறார், உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களைப் பையில் நிரப்பிக் கொடுக்கிறார்.

“அவ்வளவு பெரிய மனசு எனக்கில்லை.”

இரண்டு: “போகாதே” என்கிறார்.

“அவ்வளவு சின்ன மனசும் இல்லை.”

மூன்று: அவள் மலையில் நடக்க, ஈரஜ் காரில் ஊர் ஊராகப் போய் அடிவாரத்தில் காத்திருக்கிறார்.

“முழங்கால் ஒத்துக்கும். அவ ஒத்துக்கமாட்டா. யாரோ காத்திருக்காங்கன்னா அவ வேகத்துல அவ நடக்க முடியாது.”

நான்காவது: [ஈரஜ் அவள் கையைப் பிடித்து, மூடுபனியில் நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது என்று] இல்லை. அது என்னிடம் ஒப்படைத்த ரகசியம். அதைச் சொன்னால் அவர் வாயில் வருவது அவருடைய பதிலாக இருக்காது. வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஈரஜ் எழுந்தார். மொட்டைமாடியில் என் துணிகள் காய்ந்துகொண்டிருந்ததால் நானும் கூடவே வெளியே வந்தேன். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது.

“நீங்க முதல்ல” என்றேன், பழக்கதோஷம்.

அவர் திறந்த கதவைப் பார்த்தார். “அதெப்படி, நீ ஏறு தம்பி” வரும் என்று நான் அடுத்த வரியோடு நின்றேன்.

“சரி” என்றார் ஈரஜ். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கதவு மூடியது. மேலே எண்கள் எரிந்தன: இரண்டு, மூன்று, நான்கு. நான்கிலேயே நின்றது.

துணி காயட்டும் என்று நான் உள்ளே வந்துவிட்டேன்.

8

இனி இது உங்களுடையது. “ஐயோ, எழுதினவர் நீங்க இருக்கும்போது நாங்களா?” என்பீர்கள், தெரியும். நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. ஒரே தடவைதான் கேட்பேன்.

நான்காவது மாடிக் கதவு திறந்திருக்கிறது. தேநீர் இன்னும் ஆறவில்லை. காலடிச் சத்தம் கேட்டு ஃபரங்கீஸ் திரும்பிப் பார்க்கிறாள். மறுபடி கேட்கவில்லை, பதில் வரும்வரை நிற்கிறாள். பனியில் அவள் யாரைக் கூப்பிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சட்டி கழுவும்போது யார் அழுதார் என்பது அவளுக்குத் தெரியாது, அதுவும் உங்களுக்குத் தெரியும்.

வாசலில் நிற்பது நீங்கள்தான். நிதானமாகவே சொல்லுங்கள். என்ன சொன்னாலும் அவள் அப்படியே எடுத்துக்கொள்வாள்.