பதினெட்டாம் மாடியில் எங்கள் வீடு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவன் என் கணவன். சட்டப்படி பார்த்தால் முன்னாள் கணவன்.

"வாயைத் திறந்து பதில் சொல்ல மாட்டேங்கிற. பத்திரிகைக்கு மட்டும் வாராவாரம் கதை எழுதுறல்ல? இதையும் கதையா எழுது. படிச்சுத் தெரிஞ்சுக்கிறேன்" என்றான்.

கேள்வி இதுதான்: வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்துக்குப் போய் அவனை மறுபடி கல்யாணம் செய்துகொள்வேனா, மாட்டேனா? இன்று வியாழன்.

2

முதல் தொடக்கம்: சீனாவின் ஹெஃபெய் நகரத்தில் ஒரு மழைநாளில் ஜிங்ரூவும் ப்பெய்லினும் சிரித்துக்கொண்டே விவாகரத்து

(விட்டுவிட்டேன். அன்று மழை பெய்யவில்லை. சிரித்தது மட்டும் உண்மை.)

இரண்டாவது தொடக்கம்: ஒரு வீடு இருப்பவர்கள் இன்னொன்று வாங்க முடியாதபடி கெடுபிடி இருந்த காலம். அதனால் ஜிங்ரூவின் தெருவில் பாதிப்பேர் விவாகரத்து செய்தார்கள். பழைய வீடு மனைவி பெயருக்குப் போகும். வீடில்லாதவனாகிவிட்ட கணவன் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் புது வீடு வாங்குவான். சாவி வந்த அன்று மறுபடி கல்யாணம். விவாகரத்து வரிசையில் எல்லோரும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்து, "இங்க யாராவது அழுதாத்தான் சந்தேகப்படணும்" என்றாள். ஜிங்ரூவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

(இதுவரை படித்துவிட்டு அவன் கேட்டது: "அது யாரு ப்பெய்லின்? உங்க ஆபீஸ்ல இருக்கானா?" "நீதான். உன் பேரைப் போட்டா எனக்கு எழுத வராது.")

3

வீடு பார்த்த அன்றே ஜிங்ரூ சொன்னாள்.

"பதினெட்டாம் மாடி வேண்டாம். நரகத்துக்குப் பதினெட்டு அடுக்குன்னு சொல்வாங்க."

"அதனாலதான் விலை கம்மி. நரகத்துல நல்லாக் காத்து வரும், பாரு."

காற்று வந்தது. காற்று மட்டும்தான் வந்தது. கட்டடம் பதின்மூன்றாம் மாடியோடு நின்றுவிட்டது. கிரேன் அசைந்து நான்கு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ப்பெய்லின் வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்து, பதின்மூன்றுக்கு மேலே ஆகாயத்தில் ஐந்து மாடி எண்ணுவான். "அதோ, நியான்நியான் ரூம்" என்று மகளுக்குக் காட்டுவான். அவளும் கையசைப்பாள். தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இனிச் சாவிக்குக் காத்திருக்க வேண்டாம், கல்யாணம் செய்துகொள்வோம் என்றான்.

(அடிக்குறிப்பு: வீட்டு விலை எவ்வளவு விழுந்தது என்று இங்கே எழுத நினைத்து எழுதாமல்...)

4

இந்த ஜிங்ரூவை எனக்குப் பிடிக்கவில்லை. தொடைநடுங்கி. கல்யாணம் செய்தால் அவன் கடன் பழைய வீட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமோ என்று பயப்படுகிறாள். போகாது என்கிறார் ஒரு வக்கீல். போகலாம் என்கிறார் இன்னொருவர். பயத்துக்குச் சட்டம் படிக்கத் தெரியாது. நியான்நியானுக்கு இருப்பது இந்த ஒரு கூரைதான்.

கல்யாணம் செய்யாவிட்டால்? அவன் இந்த வீட்டில் விருந்தாளி. விருந்தாளி எந்த நாளும் கிளம்பலாம். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. ஜிங்ரூவுக்கு எது பெரிது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறாள். அடுத்த மாதம் கதவில் நோட்டீஸ்.

முடிவு ஆ: போடவில்லை. வீடு தப்பித்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டே கிண்ணங்கள்.

5

தேநீர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால், தாளின் ஓரத்தில் பென்சிலால் அவன் எழுதியிருந்தான்:

* ப்பெய்லின் மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை. சொல்லப் பயம். கதையில் சேர்த்துக்கொள்.

அறையைப் பார்த்துக் கத்தினேன்.

"இது நிஜமா, இல்ல கதைக்காக எழுதினியா?"

"கதைன்னே வச்சுக்கோயேன்." குரல் மட்டும் வந்தது.

அடுப்படிக்குப் போய் முட்டைக்கோஸை நறுக்கித் தள்ளினேன். மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் எந்த முகத்தோடு அந்த ஆகாயத்தைக் காட்டினான்? திட்டித் தீர்த்தேன். பாதிக் கோஸ் முடிவதற்குள் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நாளைக்குப் போவேன். கையெழுத்துப் போடுவேன். வருவது வரட்டும், மூன்று கிண்ணமாகவே வரட்டும். அதை எழுதத்தான் மேசைக்கு ஓடி வந்தேன்.

முடிவு அ-வின் மேல் பென்சில் கோடு. அதன் கீழே ஒரு வரி:

அவளைக் கையெழுத்துப் போட விடாதே.

இது அன்பா? இல்லை, சொல்லிக்கொண்டு போவதா? கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

வாசல் அலமாரியில் அவனுடைய வெளியே போடும் ஷூ இருந்தால், வீட்டுக்குள் இருக்கிறான். அதன் இடத்தில் வீட்டுக்குள் போடும் துணிச்செருப்பு இருந்தால், போய்விட்டான். இங்கிருந்து அலமாரிக்கு ஏழடி தூரம். நான் எழுந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டே இருக்கும்வரை அவன் உள்ளேதான் இருக்கிறான்.

நீங்கள் கொஞ்சம் போய்ப் பார்த்துச் சொல்லுங்களேன்.