இரண்டு முறை ஏறிய செலவு

முத்தியால்பேட்டையில் கோவிந்தசாமி டீக்கடைக்குப் போனாலே வெற்றிவேலுக்கு வயிறு எரியும். அன்றும் அப்படித்தான்.

"வாப்பா! பிரேம்குமார் செஞ்சானே செலவுக் கணக்கு ஆப்பு, ஜோரா இருக்குது. எம் பொண்டாட்டியே அத வச்சிக்கினுதான் மார்க்கெட்டு போறா. நீயும் அவங்கூடதான சுத்துற, எதுனா கத்துக்கயேன்" என்றார் கோவிந்தசாமி.

ஆப்பை இருவரும் சேர்ந்துதான் செய்தார்கள். செலவைக் கூட்டுவது, வகை பிரிப்பது, அழியாமல் வைப்பது எல்லாம் வெற்றிவேல் எழுதியது. பிரேம்குமார் செய்தது திரை: நிறம், படம், பொத்தான். ஊர் கண்ணில் படுவது திரைதானே! பெயர் அவனுக்குப் போனது. கல்லூரியைப் பாதியில் விட்டவன் வெற்றிவேல், முடித்தவன் பிரேம்குமார். போதாக்குறைக்கு, ஆப்பைக் காட்டச் சொல்லி ஒரு கம்பெனியிலிருந்து சனிக்கிழமைக்கு அழைப்பு வந்தது. அதுவும் அவன் பெயருக்கே. "நீயும் வாடா மச்சான்" என்று அவன் கூப்பிட்டது, வெற்றிவேலுக்குப் பிச்சை போட்டது போலிருந்தது.

அந்த வாரம்தான் ஆப்பில் ஒரு கோளாறு வெற்றிவேல் கண்ணில் பட்டது. நெட் மந்தமாக இருக்கும் இடத்தில் 'சேமி' பொத்தானைத் தொட்டால் உடனே ஒன்றும் நடக்காது. பொறுமையிழந்து மறுபடி தொட்டால் அதே செலவு இரண்டு முறை ஏறிவிடும். முதல் தொடுதலிலேயே பொத்தான் பூட்டிக்கொள்ளும்படி செய்தால் போதும். பொத்தான் பிரேம்குமாருடைய வேலை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் டீ குடிக்கும் நேரத்தில் சரிசெய்திருப்பான்.

வெற்றிவேல் சொல்லவில்லை. கம்பெனிக்காரர்கள் முன்னால் இரட்டை இரட்டையாக ஏறட்டும், அவன் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்கலாம் என்று வாயை மூடிக்கொண்டான். அந்த நினைப்பே அவனுக்கு இனித்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரியாங்குப்பத்திலிருந்து அக்கா கலைவாணி துணிப்பையோடு வந்து வாசலில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"என்னக்கா திடீர்னு?"

"உங்க மாமா போவச் சொல்லிட்டாரு."

"எதுக்கு?"

"நீ குடுத்தியே, எழுதிப் பாருக்கான்னு, அந்த ஆப்புதான். காஸ் சிலிண்டர் ரெண்டு தடவ, ஸ்கூல் வேன் ஃபீஸ் ரெண்டு தடவன்னு இருக்குதாம். நான் ஒருவாட்டிதான்டா எழுதுனேன். எங்கூட்டு நெட்டுதான் சுத்திக்கினே கெடக்குமே, அதான் திரும்ப அமுக்கினேன். 'பொய்க் கணக்கு எழுதி மிச்சத்த வெட்டியா சுத்துற தம்பிக்குத்தான தள்ற'ன்னு எங்க மாமியார் முன்னாடியே கேக்குறாரு."

"உன் தப்பு இல்லக்கா. ஆப்புல கோளாறு. திரும்ப அமுக்குனா ரெண்டா ஏறிடும்."

"இப்பதான் தெரியுமா?"

"இல்ல... முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நாளைக்கு அத்தன பேரு முன்னாடி பிரேம் அசிங்கப்படட்டும்னு..."

கலைவாணி அவனைத் திட்டவில்லை. "உங்க மாமாவுக்குப் போன் போடு" என்றாள்.

வெற்றிவேல் நடந்ததைச் சொன்னான். மாமா நெடுமாறன் கேட்டுவிட்டு, "ஓ, அப்டியா? சரி, அவள வரச் சொல்லு" என்றார்.

கலைவாணி போனைப் பிடுங்கினாள். "நான் தலையில அடிச்சிக்கினு சொன்னேன், நம்பல. இவன் சொன்னா ஒடனே நம்புறீங்களா? உங்கம்மா முன்னாடிதான எங்கிட்ட கேட்டீங்க, அவங்க முன்னாடியே எம்மேல தப்பில்லன்னு சொல்லுங்க. அப்பறம் வரேன்."

அடுத்து வெற்றிவேலே பிரேம்குமாரைக் கூப்பிட்டான். "மச்சான், சேமி பொத்தான்ல கோளாறு. தெரிஞ்சும் வேணும்னேதான் சொல்லல."

"ஏன்டா?"

"உன்னப் பாத்தா எரியுதுடா."

"சரி, இப்பவே மாத்திடறேன். நாளைக்கு நீ வராத" என்று சொல்லி பிரேம்குமார் வைத்துவிட்டான்.

கலைவாணி தம்பியை நேராகப் பார்த்தாள்.

"அவருக்கு எம்மேல நம்பிக்க இல்ல. உனக்கு அவன்மேல பொறாம. ரெண்டும் சேந்து விடிஞ்சது என் தலையில. அடுத்தவன் தோக்கணும்னு, தெரிஞ்சத மறச்சிக்கினு உக்காந்திருக்கறவனும் பொய் சொல்றவன்தான்டா. நடுவுல எவ குடும்பம் சந்திக்கு வருதுன்னு பொறாம புடிச்சவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது."